‘செத்த காலேஜ்’ தரும் சாட்சியம்: எழும்பூர் அருங்காட்சியகத்தில் சேரிப் பிள்ளைகளோடு ஒரு நாள்

சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்துக்கு எளிய மக்கள் இட்ட பழைய பெயர் ‘செத்த காலேஜ்’. விலங்குகள் உயிரோடு இருந்த காட்சிச்சாலை ‘உயிர் காலேஜ்’ ஆயிற்று. பாடம் செய்யப்பட்ட உடல்களும் எலும்புக்கூடுகளும் நின்ற இடம் ‘செத்த காலேஜ்’ ஆயிற்று. இரண்டும் கற்கும் இடங்கள் என்பதை அப்பெயர்கள் ஒப்புக்கொண்டன. ஆனால் அங்கே யார் கற்பது, எதைக் கற்பது என்ற கேள்வி இன்றும் தீரவில்லை.

செங்கல்பட்டு மாவட்டத்துச் சேரி ஒன்றில் நாங்கள் மாலைநேரப் படிப்பகம் நடத்திவருகிறோம். கடந்த கோடை விடுமுறையில் 13 முதல் 17 வயது வரையிலான 22 பிள்ளைகளை மின்ரயிலில் எழும்பூருக்கு அழைத்துச் சென்றோம். வழக்குரைஞர்கள் மூவர், ஊர் இளைஞர்கள் இருவர் உடன் சென்றோம். வெண்கலச் சிலைக் கூடத்தில் ஏழெட்டு விளக்கப் பலகைகளைப் பொறுமையாகப் படித்து முடித்த பத்தாம் வகுப்பு மாணவி எங்களிடம் திரும்பிக் கேட்டாள்: “அக்கா, எல்லாத்துலயும் ராஜா பேருதான் போட்டிருக்கு. நம்ம ஆளுங்க செஞ்சது எதுவுமே இங்க இல்லையா?”

இல்லை என்று சொல்லியிருந்தால் அது பொய். இருக்கிறது என்று மட்டும் சொல்லியிருந்தால் அது அரை உண்மை. அந்தக் கேள்விக்கு நேர்மையான விடை தேடும் முயற்சியே இக்கட்டுரை. பெரியதொரு வரலாற்று அருங்காட்சியகத்துக்கு வளர்ந்த பிள்ளைகளை அழைத்துச் செல்ல விரும்பும் தோழர்களுக்கும், தாமே செல்லவிருக்கும் கல்லூரி மாணவர்களுக்கும் இது பயன்படும் என நம்புகிறோம்.

தீர்ப்பு அல்ல, சாட்சியம்

முதலில் எங்கள் தவறு. அதற்கு முந்தைய ஆண்டும் நாங்கள் எழும்பூர் சென்றிருந்தோம். எந்த ஆயத்தமும் செய்யவில்லை. காலை பத்து மணிக்கு நுழைந்து எல்லாக் கூடங்களையும் பார்த்துவிடத் துடித்தோம். திமிங்கல எலும்புக்கூட்டின் முன் பிள்ளைகள் படம் எடுத்துக்கொண்டார்கள். பிற்பகலில் களைத்துப் போய்ப் படிக்கட்டுகளில் உட்கார்ந்தார்கள். திரும்பும் வழியில், என்ன பார்த்தீர்கள் என்று கேட்டதற்குக் கிடைத்த விடை, “நிறைய சாமி சிலை” என்பதுதான். அது பிள்ளைகளின் குறையன்று. கேள்வியில்லாமல் உள்ளே நுழைபவருக்கு அருங்காட்சியகம் அவ்வளவுதான் தரும்.

இளம்பிள்ளைகளுக்கு வியப்பே போதுமானது. வளர்ந்த பிள்ளைகளுக்கு அது போதாது. பள்ளியில் சாதிச் சான்றிதழ் கேட்கப்படும் வயது அது. வகுப்பறையில் யார் எந்தத் தெருவைச் சேர்ந்தவர் என்பது எல்லோருக்கும் தெரிந்துவிட்ட வயது. பாடநூலில் மன்னர்களின் பட்டியலைப் படித்து, அதில் தன் முன்னோர் எங்கே என்று மனத்துக்குள் கேட்டு, வெளியே கேட்கத் தயங்கும் வயது. கண்ணாடிப் பெட்டிகளும் உயர்ந்த கூரையும் காவலரின் சீருடையும் சேர்ந்து அந்தத் தயக்கத்தைப் பெருக்கும். இங்கே இருப்பதே வரலாறு, இங்கே இல்லாதவருக்கு வரலாறு இல்லை என்ற முடிவுக்குப் பிள்ளைகள் தாமாகவே வந்துவிடக் கூடும். அந்த முடிவைத் தடுப்பதே எங்கள் வேலை.

நீதிமன்றத்தில் எந்த ஆவணமும் தானே உண்மையாகிவிடுவதில்லை. அதை எழுதியவர் யார், எந்த நோக்கத்தில் எழுதினார், அது யாருடைய கைவசம் இருந்தது, அதில் விடுபட்டது என்ன என்றெல்லாம் கேட்ட பிறகே அதற்கு மதிப்பு உண்டு. அருங்காட்சியகத்தையும் இவ்வாறே வாசிக்கலாம் என்று ரயிலில் பிள்ளைகளுக்குச் சொன்னோம். ஆளுக்கொரு குறிப்பேடு கொடுத்து மூன்று கேள்விகளை எழுதச் சொன்னோம். இதை யார் கையால் செய்தார்கள்? இது எப்படி இங்கே வந்தது? இந்தப் பலகையில் யாருடைய பெயர் இல்லை? நான்கு கூடங்கள் மட்டும் போதும் என்றும் முடிவு செய்தோம். அருங்காட்சியகம் தீர்ப்பு வழங்கும் மன்றம் அல்ல; சாட்சியங்கள் அடுக்கி வைக்கப்பட்ட அறை. சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்யும் உரிமை நம் பிள்ளைகளுக்கும் உண்டு.

15 மீட்டர்க் கயிறு

இந்த அருங்காட்சியகம் 1851இல் தொடங்கப்பட்டது. அதன் முதல் பொறுப்பாளர் எட்வர்ட் பால்ஃபர் என்ற மருத்துவர். அதற்குப் பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, 1863 மே மாதம், இராபர்ட் புரூஸ் ஃபூட் என்ற நிலவியலாளர் பல்லாவரத்தில் கல்லால் செதுக்கிய கைக்கோடரி ஒன்றைக் கண்டெடுத்தார். இந்தியத் தொல்பழங்கால ஆய்வின் தொடக்கம் அது. எங்கள் பிள்ளைகள் மின்ரயிலில் தாண்டி வந்த நிலையங்களில் பல்லாவரமும் ஒன்று. “நாம வந்த வழியிலயா?” என்று ஒருவன் வியந்தான். தொல்பழங்காலக் கூடத்தில் எங்கள் வேலை அங்கேயே பாதி முடிந்துவிட்டது.

மீதிப் பாதிக்கு ஒரு கயிறு கொண்டு போயிருந்தோம். திருவள்ளூர் மாவட்டம் அத்திரம்பாக்கத்தில் கிடைத்த கற்கருவிகள் ஏறத்தாழ 15 லட்சம் ஆண்டுகள் பழைமையானவை என்று 2011இல் வெளியான ஆய்வு நிறுவியது. நம் மனித இனம் தோன்றுவதற்கு முன்பே வாழ்ந்த ஆதிமனிதரின் கைவேலை அவை. கூடத்துக்கு வெளியே மரநிழலில் 15 மீட்டர்க் கயிற்றை விரித்தோம். ஒரு மில்லிமீட்டர் என்பது 100 ஆண்டு. கயிற்றின் ஒரு முனை அத்திரம்பாக்கம், மறுமுனை இன்று. நம் இனமாகிய தற்கால மனிதர் ஏறத்தாழ 3 லட்சம் ஆண்டுகளுக்கு முன் தோன்றினர் எனக் கொண்டால், கடைசி 3 மீட்டர் அவர்களுடையது.

அதன்பின் தீண்டாமையின் வயதைக் காட்டச் சொன்னோம். ‘தீண்டப்படாதவர்கள்’ என்ற 1948ஆம் ஆண்டு நூலில் அண்ணல் அம்பேத்கர் தீண்டாமையின் தோற்றத்தை ஏறத்தாழ கி.பி. 400 என்று கணிக்கிறார். அவர் கணிப்பின்படி அதன் வயது சுமார் 1,600 ஆண்டு. 15 மீட்டர்க் கயிற்றில் 16 மில்லிமீட்டர். ஒரு பிள்ளை தன் கட்டைவிரல் நகத்தைக் கயிற்றின் முனையில் வைத்துப் பார்த்தாள். நகத்தளவுதான் இருந்தது.

தீண்டாமையின் தோற்றக் காலம் பற்றி ஆய்வாளர்களிடையே கருத்து வேறுபாடுகள் உண்டு என்பதையும் பிள்ளைகளிடம் மறைக்கவில்லை. இன்னும் ஆயிரம் ஆண்டு பின்னே தள்ளினாலும் கூடப்போவது ஒரு சென்டிமீட்டர்தான். ஆதியிலிருந்தே இப்படித்தான் என்ற பேச்சு எவ்வளவு பொய் என்பதை விளக்க எங்களுக்கு இதைவிட எளிய வழி தெரியவில்லை. தொடங்கிய நாள் ஒன்று உள்ளதற்கு முடியும் நாளும் உண்டு.

தோல் தொழிலாளி விதிகன்

அடுத்தது அமராவதிக் கூடம். ஆந்திரத்தின் கிருஷ்ணா நதிக்கரையில் அமராவதியில் இருந்த பெரும் பௌத்தத் தூபியின் சுண்ணாம்புக்கல் பலகைகள் இங்கே உள்ளன. 1797இல் காலின் மெக்கன்சி அவ்விடத்தைப் பார்வையிட்டபோது, புதிய கட்டடங்களுக்காக அந்தத் தூபியின் கற்கள் தோண்டி எடுக்கப்பட்டுக்கொண்டிருந்தன. 1845இல் வால்டர் எலியட் அகழ்ந்தெடுத்த பலகைகள் சென்னைக்கு வந்து, வெயிலிலும் மழையிலும் கிடந்து, பின்னர் அவற்றுள் பெரும்பகுதி லண்டனுக்குக் கப்பலேறியது. பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இன்று அதற்கெனத் தனிக்கூடம் இருக்கிறது. பிற்கால அகழாய்வுகளில் கிடைத்தவையும் சேர்ந்து எழும்பூரில் எஞ்சி நிற்கின்றன. ‘இது எப்படி இங்கே வந்தது’ என்ற இரண்டாம் கேள்விக்கு இதைவிட நல்ல பாடம் கிடையாது.

ஆனால் நாங்கள் அங்கே நீண்ட நேரம் நின்றதற்குக் காரணம் வேறு. அமராவதித் தூபியை ஒரே மன்னன் கட்டி முடிக்கவில்லை. பிக்குகளும் பிக்குணிகளும் வணிகரும் கைவினைஞரும் இல்லறப் பெண்களும் ஆளுக்கொரு பலகை, ஆளுக்கொரு தூண் என்று கொடுத்துக் கட்டினார்கள். கொடுத்தவர் பெயர் கல்லில் பொறிக்கப்பட்டது. அத்தகைய பொறிப்புகளுள் ஒன்று, பூரண கும்பம் செதுக்கிய பலகையைக் கொடையளித்தவனைக் குறிப்பிடுகிறது. அவன் பெயர் விதிகன். ஆசிரியர் நாகனின் மகன். தாய், மனைவி, உடன்பிறந்தார், மகன், மகள்கள், உறவினர், நண்பர் அனைவரோடும் சேர்ந்து கொடுத்ததாகப் பொறித்திருக்கிறான். அவன் தொழில் சம்மகாரம், அதாவது தோல் வேலை.

இந்தச் செய்தியைச் சொன்னதும் பிள்ளைகளிடையே சற்று நேரம் பேச்சில்லை. எங்கள் ஊரில் தோல் பதனிடும் கூடங்களில் வேலைக்குப் போனவர்கள் உண்டு. அந்த வாசனையைச் சொல்லிப் பள்ளியில் கேலி செய்யப்பட்ட பிள்ளை ஒருவன் எங்களோடு வந்திருந்தான். அவன் குறிப்பேட்டில் ‘விதிகன், தோல் தொழிலாளி’ என்று எழுதிக் கீழே இரண்டு கோடு போட்டுக்கொண்டதைப் பார்த்தோம்.

ஒன்றில் கவனமாக இருக்க வேண்டும். இந்த ஒரு பொறிப்பை வைத்துக்கொண்டு அக்காலத்தில் சாதியே இல்லை என்று வாதிடக் கூடாது. சான்று தாங்கும் அளவுக்கே வாதம் செல்ல வேண்டும். ஆனால் இது ஒன்றை ஐயத்துக்கு இடமின்றிக் காட்டுகிறது: தோல் தொழிலாளி ஒருவன் தன் தொழிலை மறைக்காமல், தன் குடும்பத்தோடு, ஒரு மாபெரும் வழிபாட்டிடத்தின் கல்லில் தன் பெயரைப் பொறிக்க முடிந்த காலம் இம்மண்ணில் இருந்தது. பறையர் எனப்பட்டோர் பூர்வ பௌத்தரே என்று வாதிட்டு 1898இல் சென்னையில் சாக்கிய பௌத்த சங்கத்தை நிறுவிய பண்டிதர் அயோத்திதாசரும், 1956 அக்டோபர் 14 அன்று நாகபுரியில் பௌத்தம் தழுவிய அண்ணலும் ஏன் இந்தத் திசையில் நடந்தார்கள் என்பதை அமராவதிக் கூடத்தில் நின்றபடி விளக்குவது எளிது.

வெண்கலமும் புதையல் சட்டமும்

வெண்கலக் கூடத்தில்தான் அந்த மாணவி தன் கேள்வியைக் கேட்டாள். உலகப் புகழ் பெற்ற திருவாலங்காட்டு நடராசர் உட்படச் சோழர் காலப் படிமங்கள் பல இங்கே உள்ளன. பலகைகளில் தெய்வத்தின் பெயர், ஊர், நூற்றாண்டு, அரச மரபு ஆகியவை இருக்கின்றன. செய்த கைகளின் பெயர் இல்லை.

கைகள் எப்படி உழைத்தன என்பதைச் சொன்னோம். முதலில் மெழுகில் உருவம் முழுவதையும் விரல் நகம் வரை செதுக்க வேண்டும். அதன்மேல் ஆற்று வண்டலை மெல்லிய பூச்சாகப் பூசி, பின்பு தடித்த மண்ணால் மூடிக் காயவிட வேண்டும். சூடேற்றினால் மெழுகு உருகி வெளியேறும். அந்த வெற்றிடத்தில் உருக்கிய உலோகத்தை ஊற்றி, ஆறியதும் மண்ணை உடைக்க வேண்டும். அச்சு உடைந்துவிடுவதால் ஒரு மெழுகுக்கு ஒரு சிலைதான். இத்தனை அறிவும் ஓர் ஊரின் உலைக்களத்தில் இருந்தது.

அந்த உலைக்களம் எங்கே இருந்தது? இதற்காகவே ஒரு நகல் எடுத்துச் சென்றிருந்தோம். தஞ்சைப் பெரிய கோயிலில் முதலாம் இராசராசன் காலக் கல்வெட்டுகள், கோயிலுக்கு விடப்பட்ட ஊர்களின் நிலத்தைக் கணக்கிடும்போது வரி நீக்கிய இடங்களைப் பட்டியலிடுகின்றன. ஊர்நத்தம், குளம், வாய்க்கால், சுடுகாடு என்று செல்லும் அப்பட்டியலில் பறைச்சேரி வருகிறது. கம்மாளர் வாழ்ந்த கம்மாணச்சேரி வருகிறது. தீண்டாச்சேரி என்ற சொல்லும் வருகிறது. அதே கோயிலின் சுவர்களில் தளிச்சேரிப் பெண்டுகள் 400 பேரின் பெயர்கள் ஒவ்வொன்றாகப் பொறிக்கப்பட்டுள்ளன. சேரிகளுக்கோ இடம் மட்டுமே பதிவாகியிருக்கிறது. அங்கே வாழ்ந்த ஒருவருக்கும் பெயர் இல்லை. அமராவதியில் விதிகனுக்குக் கிடைத்தது, தஞ்சையில் நம்மவருக்குக் கிடைக்கவில்லை. ஆயினும் அந்தப் பட்டியல் நமக்கு எதிரான சான்றாக மட்டும் நிற்கவில்லை. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே ஊர் வேறு, சேரி வேறு என்று அரசே அளந்து பதிவு செய்ததற்கு அரசின் சொந்த ஆவணமே சாட்சி. சாதியை வெள்ளைக்காரன்தான் உண்டாக்கினான் என்று வாதிடுவோருக்கு விடையும் அதுவே.

படிமங்களின் பீடங்களில் உள்ள துளைகளையும் வளையங்களையும் பிள்ளைகள் கவனித்தார்கள். கழிகளைச் செருகித் தோளில் தூக்கித் தெருவில் உலா கொண்டு செல்வதற்கானவை அவை. எந்தத் தெருவரை உலா போகும் என்பது ஒவ்வொரு சேரிப் பிள்ளைக்கும் தெரியும். தேரும் சாமியும் தங்கள் தெருவுக்கு வரவேண்டும் என்பதற்காக இன்றும் தலித் மக்கள் ஆட்சியரிடமும் நீதிமன்றத்திலும் மனுவோடு நிற்கிறார்கள். “இங்க மட்டும் கிட்ட நின்னு பாக்கலாம்” என்று ஒரு பையன் சிரித்தபடி சொன்னான். நாங்கள் சிரிக்கவில்லை.

இந்தச் சிலைகள் இங்கே வந்த வழியிலும் நம்மவர் கை இருக்கிறது. கோயில்களில் எப்போதோ மண்ணுக்குள் புதைக்கப்பட்டவை, வயலை உழும்போதும் கிணறு வெட்டும்போதும் அடித்தளம் தோண்டும்போதும் வெளிப்பட்டன. நாகப்பட்டினத்தில் மட்டும் 1856 தொடங்கி 1934 வரை ஏறத்தாழ 350 பௌத்தப் படிமங்கள் இவ்வாறு கிடைத்தன. அவற்றுள் பல எழும்பூரில் உள்ளன. இவற்றை ஆளும் சட்டம் 1878ஆம் ஆண்டின் இந்தியப் புதையல் சட்டம். பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையலைக் கண்டெடுப்பவர் ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும். அரசு அதை எடுத்துக்கொள்ள விரும்பினால், பொருளின் உலோக மதிப்பும் அதில் ஐந்தில் ஒரு பங்கும் சேர்த்துக் கொடுத்தால் போதும். கலை மதிப்பு கணக்கில் வராது. கண்டெடுத்தவர், நில உரிமையாளர் ஆகிய இருவருக்கும் உரிய பங்கையும் அச்சட்டம் வகுக்கிறது.

மண்வெட்டி பிடித்தவர் பெரும்பாலும் நிலத்துக்குச் சொந்தக்காரர் அல்லர் என்பது நம் ஊர் நிலவுடைமையை அறிந்தவர்க்குத் தெரியும். ஆனால் விளக்கப் பலகை கண்டெடுத்த ஊரைச் சொல்கிறது, கண்டெடுத்தவரைச் சொல்வதில்லை. அந்த மாணவியின் கேள்விக்கு எங்கள் விடை இதுதான்: உழைத்த கைகளின் சுவடு இங்கே ஒவ்வொரு பொருளிலும் இருக்கிறது. பெயர் மட்டும் பலகைக்கு வரவில்லை. பெயரைக் கேட்பது நம் உரிமை.

மூக்கை அளந்த காலம்

மானுடவியல் கூடத்துக்குப் போகும் முன் பிள்ளைகளுக்கு ஒரு செய்தியைச் சொல்ல வேண்டியிருந்தது. 1885 முதல் 1908 வரை இந்த அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்தவர் எட்கர் தர்ஸ்டன். ‘தென்னிந்தியக் குலங்களும் குடிகளும்’ என்று இன்று அறியப்படும் ஏழு தொகுதிகளை 1909இல் வெளியிட்டவர். அவர் சாதி சாதியாக மக்களை நிறுத்தி, தலையின் நீள அகலத்தையும் மூக்கின் உயர அகலத்தையும் கருவியால் அளந்து எண்களாக்கினார். மூக்கின் அகலத்தைக் கொண்டே சாதியின் உயர்வு தாழ்வைச் சொல்லிவிடலாம் என்று ஹெர்பர்ட் ரிஸ்லி போன்ற அதிகாரிகள் நம்பிய காலம் அது. பொருள்களைச் சேர்த்து வைக்கும் நிறுவனம், மக்களையும் பொருள்களாக அளந்தது.

ஒரு பிள்ளை தன்னையறியாமல் மூக்கைத் தொட்டுப் பார்த்தான். மற்றவர்கள் சிரித்தார்கள். பிறகு அவர்களும் தொட்டுப் பார்த்தார்கள்.

இந்த இடத்தில் கதையை நிறுத்திவிடுவது கொடுமை. எனவே தொடர்ந்தோம். அதே 1948ஆம் ஆண்டு நூலில் அண்ணல் அம்பேத்கர் இந்த மூக்களவை வாதத்தைக் கையில் எடுத்தார். அளவைகளைப் புறந்தள்ளவில்லை. சமூகவியலாளர் குர்யே திரட்டித் தந்த எண்களையே முன்வைத்து, மாநிலம் மாநிலமாகப் பார்ப்பனர், தீண்டப்படாதோர் ஆகிய இரு தரப்பின் எண்களையும் ஒப்பிட்டார். இந்த அளவை அறிவியல் என்றால், இரு தரப்பாரும் ஒரே இனம் என்பதே அது தரும் முடிவு என்று நிறுவினார். இன வேறுபாட்டால் தீண்டாமை பிறந்தது என்ற கொள்கை அதன் சொந்தச் சான்றாலேயே விழுந்தது.

எதிர்த்தரப்பு ஆவணத்தை எதிர்த்தரப்புக்கு எதிராகவே திருப்புவது வழக்காடுதலின் சிறந்த கலை. அருங்காட்சியகத்தை வெறுத்து வெளியேறுவதும் பயன்தராது. வணங்கி நிற்பதும் பயன்தராது. அண்ணல் செய்ததுபோல் அங்கிருக்கும் சான்றை எடுத்துக் கேள்வி கேட்க வேண்டும். நாங்கள் அன்று கற்பிக்க விரும்பியது இந்த ஒன்றைத்தான்.

இல்லாத கூடம்

மூன்றாவது கேள்வி எஞ்சியிருந்தது: யாருடைய பெயர் இல்லை? புல்வெளியில் உட்கார்ந்து கட்டுச்சோறு சாப்பிட்டபடி பிள்ளைகள் பட்டியலிட்டார்கள். ஏரி வெட்டியவர். பறை அடித்தவர். பண்ணையில் ஆளாக எழுதிக் கொடுக்கப்பட்டவர். தமிழகத்தில் ஆட்கள் விற்கப்பட்டதற்கும் தம்மையே விற்றுக்கொண்டதற்கும் கல்வெட்டுகளும் ஓலைகளும் உண்டு. அவற்றை ஆ. சிவசுப்பிரமணியன் ‘தமிழகத்தில் அடிமை முறை’ என்ற நூலில் தொகுத்துத் தந்துள்ளார். 1843ஆம் ஆண்டின் ஐந்தாம் சட்டம் வரும்வரை நீதிமன்றம் அந்த உரிமையை மதித்துவந்தது. 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் எரிக்கப்பட்ட 44 உயிர்களையும் பிள்ளைகள் பட்டியலில் சேர்த்தார்கள். நாங்கள் அன்று பார்த்த நான்கு கூடங்களில் இவை எதுவும் இல்லை.

இல்லாததை உண்டாக்க முடியும் என்பதற்கு ஒரு முன்மாதிரி சொன்னோம். அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டனில் 2016 செப்டம்பரில் ஆப்பிரிக்க அமெரிக்க வரலாற்றுக்கும் பண்பாட்டுக்குமான தேசிய அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. அப்படியொரு நினைவிடம் வேண்டும் என்ற கோரிக்கையைக் கறுப்பினப் போர்வீரர்கள் எழுப்பியது 1915இல். அதற்கான சட்டம் 2003இல்தான் நிறைவேறியது. தொடங்கியபோது அதனிடம் பொருள் ஒன்றுகூட இல்லை. மக்கள் தங்கள் வீட்டுப் பெட்டிகளிலும் பரண்களிலும் இருந்ததைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். அடிமைகள் வாழ்ந்த மரக்குடில் ஒன்று தென் கரோலினாவிலிருந்து பிரித்துக் கொண்டுவரப்பட்டு, உள்ளே மீண்டும் கட்டி நிறுத்தப்பட்டது. நூறாண்டுக் கோரிக்கை அது. கேட்பதை நிறுத்தாதவர்களுக்கே கிடைத்தது.

அழைத்துச் செல்வோருக்குச் சில சொற்கள்

வெள்ளிக்கிழமை விடுமுறை; அதைத் தவிர்த்துத் திட்டமிடுங்கள். குழுவாகச் செல்வதை முன்கூட்டியே கடிதம் மூலம் தெரிவித்துவிடுங்கள். ஒரு நாளில் நான்கு கூடங்களுக்கு மேல் வேண்டாம். கூடத்துக்கு ஒரு பொருள் தேர்ந்து, அதன்முன் பத்து நிமிடம் நில்லுங்கள். பலகையைப் பிள்ளைகளே உரக்கப் படிக்கட்டும். விடுபட்டதை நிரப்பும் கல்வெட்டு வாசகம், வரைபடம் முதலியவற்றை நகலெடுத்துச் செல்லுங்கள். அவமானத்தின் செய்தியைச் சொல்ல நேர்ந்தால், அதை எதிர்த்தவரின் செய்தியையும் அங்கேயே சொல்லிவிடுங்கள்; பிள்ளைகளை அவமானத்தோடு வீட்டுக்கு அனுப்பாதீர்கள்.

கேள்விகளை வாசலில் விட்டுவிடவும் வேண்டாம். ஒரு படிமம் எந்த ஆண்டு, யாரால் கண்டெடுக்கப்பட்டு, எவ்வளவு தொகைக்கு வாங்கப்பட்டது என்பது அருங்காட்சியகப் பதிவேடுகளில் இருக்கக்கூடும். 2005ஆம் ஆண்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ்ப் பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டிப் பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதினால், 30 நாள்களுக்குள் பதில் தர வேண்டும். கல்லூரி மாணவர்கள் ஆளுக்கொரு பொருளை எடுத்துக்கொண்டு இதைச் செய்யலாம். பண்பாட்டு மரபைப் பேணுவது ஒவ்வொரு குடிமகனின் கடமை என்கிறது அரசமைப்புச் சட்டத்தின் 51அ உறுப்பு. பேண வேண்டிய மரபில் யாருடைய பங்கு இருக்கிறது என்று கேட்பதும் அக்கடமையுள் அடங்கும்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை படிப்பகத்துக்கு வீட்டிலிருந்து ஒரு பழம்பொருளைக் கொண்டுவரச் சொல்லியிருந்தோம். 1892ஆம் ஆண்டு அரசாணையின்வழி நம்மவருக்கு ஒதுக்கப்பட்டுப் பின்னர்ப் பறிபோன பஞ்சமி நிலத்தின் பழைய ரசீது ஒன்று வந்தது. தோல் கிழிந்த பறை ஒன்று வந்தது. வெண்கலக் கூடத்தில் கேள்வி கேட்ட மாணவி, பாட்டியின் பரணிலிருந்து நெளிந்த இரும்புப் படி ஒன்றைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தாள். அதன் பக்கத்தில் தானே எழுதிய விளக்கப் பலகையையும் வைத்தாள்.

‘படி. இரும்பு. அறுவடைக் கூலி நெல் அளந்தது. ஆண்டை வீட்டுப் படி சிறியது என்று சந்தேகப்பட்டு, சரிபார்ப்பதற்காக என் பாட்டி சந்தையில் வாங்கியது. செய்தவர் பெயர் தெரியவில்லை. விசாரித்து எழுதுவேன்.’